வீட்டில் யாருக்காவது இருந்திருக்கிறதா?

"வீட்டுல யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டபோது நான் யோசிக்கக்கூட இல்லை. "இல்லை டாக்டர்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவரும் தலையாட்டினார். அவருக்குத் தெரிந்தவரை அது உண்மைதான். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டிருந்தால் அப்பா, பெரியத்தை, தாத்தா என்று வரிசையாக ஒப்பித்திருப்பேன், யாருக்கு எந்த வயதில் வந்தது, யாருக்குக் காலில் புண் ஆறவில்லை என்பது வரைக்கும். மனசு சம்பந்தப்பட்ட கேள்வி என்றதும் வாய் தானாக "இல்லை" என்றது. அந்த ஒரு சொல் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடந்தது 2016ல். இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் எழுத முடிகிறது.

இரண்டாவது மகன் பிறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கோயம்புத்தூரில் இருந்தோம். காலையில் கண் விழிக்கும்போதே மார்பில் ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கும். குழந்தை அழுவது கேட்கும், எழுந்திருக்க வேண்டும் என்பதும் தெரியும், எழுந்திருக்க மட்டும் முடியாது. ஒரு நாள் காலையில் முருங்கைக் கீரை வாங்கி வைத்து ஆய உட்கார்ந்தேன். மகளுக்கு அப்போது ஐந்து வயது. பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கி வந்தவள் என் மடியைப் பார்த்துவிட்டு, "அம்மா, கீரை செத்துப்போச்சு" என்றாள். குனிந்து பார்த்தேன். கையில் ஒரு கொத்து. மிச்சமெல்லாம் வெளிறிச் சுருண்டு தட்டிலும் தரையிலும் தானாகவே உதிர்ந்து கிடந்தன. ஆறு மணி நேரம் போயிருக்கிறது.

அப்போது எனக்கு ஞாபகம் வந்தது அப்பாயி, அப்பாவின் அம்மா. முசிறிக்குப் பக்கத்தில் காவிரிக் கரை ஊர் எங்களுடையது. 1991 கோடை லீவு, எனக்கு எட்டு வயது. அப்பாயி திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக் கீரை ஆய உட்கார்ந்தார். நாங்கள் ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு, மாந்தோப்புக்குப் போய்விட்டு, பசியோடு திரும்பி வந்தோம், அப்பாயி கையில் அதே கொத்து. முறம் முழுக்க வாடின இலை. அம்மா ஒன்றும் பேசாமல் முறத்தை எடுத்துக்கொண்டு போய் மாட்டுக்கு வைத்தார். அப்பாயி சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்பாயிக்கு உடம்பு முடியலை, தொந்தரவு பண்ணாதீங்க" என்று எங்களைக் கொல்லைப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அந்த லீவு முடிகிறவரைக்கும் அப்பாயி தலை வாரி நான் பார்க்கவில்லை. அடுத்த தீபாவளிக்குப் போனபோது பழைய அப்பாயி, முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இது ஞாபகம் இருந்தும் ஏன் "இல்லை" என்றேன்? பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது. அது உடம்பு முடியாமல் போவது, அவ்வளவுதான். பெயர் இல்லாத ஒன்றை டாக்டர் கேட்கும் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது?

டாக்டர் தைராய்டும் பி12-உம் பார்க்கச் சொன்னார், இரண்டும் சரியாக இருந்தன. மனச்சோர்வு என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதினார். நான் சொன்ன பதிலை வைத்துப் பார்த்தால் அவர் செய்தது முழுக்க சரி. மூன்று வாரம் ஆகும், பொறுமையாக இருங்கள் என்றார்.

மூன்று வாரம் ஆகவில்லை. பன்னிரண்டாவது நாளோ பதின்மூன்றாவது நாளோ, திடீரென்று வீட்டுக்குள் வெயில் அடித்த மாதிரி இருந்தது. இரண்டு மணி நேரம் தூங்கினால் போதும், களைப்பே இல்லை. பேச்சு நிற்கவில்லை. ஆன்லைனில் சேலை விற்கப் போகிறேன் என்று முடிவு செய்து, சீட்டு எடுத்த பணத்தில் 60,000 ரூபாய்க்கு நெகமம் சேலைகள் வாங்கிக்கொண்டு வந்து கட்டிலில் அடுக்கினேன். கணவருக்கு ஒரே சந்தோஷம். மாத்திரை எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் உணர்ந்ததே இல்லை.

அந்த வாரம் பேரனைப் பார்க்கச் சின்னத்தை ஊரிலிருந்து வந்திருந்தார். ராத்திரி இரண்டு மணி இருக்கும். எவர்சில்வர் டப்பாக்களை எல்லாம் கீழே இறக்கி வைத்து, உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தேன், ஒவ்வொன்றிலும் என் முகம் தெரிகிற மாதிரி. தண்ணீர் குடிக்க வந்த அத்தை வாசற்படியிலேயே நின்றுவிட்டார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையிலிருந்த நாரை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, "கண்ணு, உங்க சின்ன சித்தப்பா இப்படித்தான் ஆரம்பிச்சான்" என்றார்.

அந்தச் சித்தப்பா நான் பிறப்பதற்கு முன்பே தவறிவிட்டவர். நெஞ்சுவலி என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அத்தை சொன்னது வேறு கதை. தொடர்ந்து மூன்று நாள் தூங்காமல் வாழைத்தோப்பு நடுவில் கிணறு வெட்ட முப்பது ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றிருக்கிறார். கேட்டவர்களுக்கெல்லாம் பணம் கொடுத்திருக்கிறார். காத்து கருப்பு என்றார்கள், செய்வினை என்றார்கள். பிறகு ஒரு மாதம் இருட்டு அறையை விட்டு வெளியே வரவில்லை. இந்த மாதிரி இரண்டு தடவை. அப்பாயியையும் சித்தப்பாவையும் வெவ்வேறு காலத்தில் குணசீலம் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் 48 நாள் தங்க வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து குணசீலம் பக்கம்தான். மனநிலை சரியில்லாதவர்களை ஒரு மண்டலம் அங்கே வைத்திருந்து அழைத்து வருவது எங்கள் பக்கத்தில் காலங்காலமாக உள்ள வழக்கம். அத்தை அதைச் சொல்லும்போது அழவில்லை. "ஒருத்தருக்கும் தெரியக்கூடாதுன்னு உங்க தாத்தா சத்தியம் வாங்கிக்கிட்டார். எனக்குக் கல்யாணம் ஆகணுமில்ல" என்றார்.

மறுநாள் காலையிலேயே அத்தையையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனோம். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு அத்தையிடம் கேட்கக் கேட்க வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு நடுவில் ஒரு கோடு, பிள்ளைகளுக்குக் கீழே இறங்கும் கோடுகள். பாதிக்கப்பட்டவர் என்றால் உள்ளே மையால் நிரப்பினார். அப்பாயியின் வட்டம் நிரம்பியது. சித்தப்பாவின் கட்டம் நிரம்பியது. அப்பாயியின் தங்கை, பெரியத்தை, கடைசியாக நான். தாளில் ஐந்து கறுப்பு. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையை ஒரே பக்கத்தில் அப்படிப் பார்த்தபோது எனக்கு வந்தது பயம் இல்லை, ஒரு மாதிரி நிம்மதி. நான் மட்டும் சரியில்லாதவள் இல்லை.

டாக்டர் விளக்கியது இதுதான். பைபோலார் என்கிற இருமுனைக் கோளாறு பலருக்கு முதலில் மனச்சோர்வாகத்தான் தலைகாட்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஆனால் இருமுனைக் கோளாறு உள்ள ஒருவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சில பேரை அது எதிர்முனைக்கு, அதாவது எனக்கு வந்த அந்தத் தூங்காத உற்சாகத்துக்கு, தூக்கிக்கொண்டு போய்விடும். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள் இதற்கு இன்னும் ஆபத்தான காலம். இருமுனைக் கோளாறில் பரம்பரையின் பங்கு சாதாரண மனச்சோர்வில் இருப்பதைவிட நிறைய அதிகம். அதனால்தான் முதல் நாளே அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். சித்தப்பாவைப் பற்றி அன்றைக்கே தெரிந்திருந்தால் அவர் வேறு மருந்தில் தொடங்கியிருப்பார். மாத்திரையை மாற்றினார், மனநிலையைச் சமமாக வைக்கும் மருந்து ஒன்றை எழுதினார். நாலு மாதத்தில் ஓரளவு ஆளானேன். (இதைப் படிக்கிற யாரும், ஏற்கனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது வேறு விதமான ஆபத்து. டாக்டரிடம் போய்க் குடும்பக் கதையைச் சொல்லுங்கள், அது போதும்.)

உடம்பு தேறின பிறகு ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. சரி, இது ரத்தத்தில் இருக்கிறது. அப்படியென்றால் என் மகளுக்கும் மகனுக்கும்? அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறவள். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

மனச்சோர்வில் பரம்பரையின் பங்கு எவ்வளவு என்று இரட்டைக் குழந்தைகளை வைத்து நிறைய ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். அவற்றைத் தொகுத்து 2000ல் பேட்ரிக் சல்லிவன், மைக்கேல் நீல், கென்னத் கெண்ட்லர் மூவரும் சொன்ன எண் 37 சதவீதம். (இது மனச்சோர்வின் கணக்கு. இருமுனைக் கோளாறில், டாக்டர் சொன்ன மாதிரி, பரம்பரையின் பங்கு இதைவிட அதிகம்.) இந்த எண்ணைப் படித்த அன்றைக்கு என் மகளுக்கு இது வர 37 சதவீத வாய்ப்பு என்று நினைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அது தப்பு. ஊர் ஜனத்தில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இருக்கிற வித்தியாசத்தில் எவ்வளவு பங்கு மரபணுவால் வருகிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. டெல்டாக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மதகுக்குப் பக்கத்தில் எல்லா வயலுக்கும் ஒரே மாதிரி தண்ணீர் பாயும்போது, ஒரு வயல் நன்றாக விளைந்து இன்னொன்று விளையவில்லை என்றால் விதையைத்தான் பார்ப்போம். கடைமடையில் தண்ணீரே வந்து சேராதபோது எந்த விதை போட்டும் என்ன? அங்கே வித்தியாசமெல்லாம் தண்ணீரால் வருவது. விதையின் பங்கு இத்தனை சதவீதம் என்று சொன்னால் எந்த ஊரில், எந்தத் தண்ணீரில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். தனியாக ஒரு நாற்றைக் கையில் எடுத்து இதில் 37 சதவீதம் விதை என்று சொல்ல முடியாது.

ஒரு தனி ஆளுக்குப் பயன்படுகிற எண் வேறு. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ மனச்சோர்வு நோய் இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டிலிருந்து மூன்று மடங்கு. பேச்சுக்கு, ஆயுசில் 100 பேரில் 10 பேருக்கு இது வரும் என்று வைத்துக்கொண்டால் இந்தக் குடும்பங்களில் 20, 30 பேருக்கு வரும். மிச்சம் 70, 80 பேருக்கு வராது. எங்கள் அப்பா அந்த மிச்சத்தில் ஒருவர், அப்பாயியின் சொந்த மகன், 74 வயது வரை ஒரு நாள்கூட அப்படிப் படுத்ததில்லை. அதே அப்பா வழியாகத்தான் எனக்கு வந்திருக்கிறது.

எந்த மரபணு இதற்குக் காரணம் என்று தேடின கதை எனக்கு ரொம்பப் பெரிய பாடமாக இருந்தது. 2003ல் அவ்ஷலோம் காஸ்பி, டெர்ரி மொஃபிட் குழு, நியூசிலாந்தின் டுனிடின் நகரில் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்டு வந்த 847 பேரை வைத்து ஒரு முடிவைச் சொன்னது. மூளை செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் செரோடோனின் என்ற வேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சுகிற புரதத்துக்கான மரபணுவில் ஒரு பகுதி சிலருக்குக் குட்டை, சிலருக்கு நீளம். குட்டை உள்ளவர்களுக்கு வாழ்க்கையில் அடி மேல் அடி விழுந்தால் மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம் என்றார்கள். கேட்பதற்கே எவ்வளவு நியாயமாக இருக்கிறது! உலகம் முழுக்கப் பிரபலமானது, பாடப்புத்தகங்களில் ஏறியது. 2009ல் நீல் ரிஷ் குழு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு நிற்கவில்லை. 2019ல் ரிச்சர்ட் பார்டரும் அவருடைய சகாக்களும் இந்த மாதிரிப் பேர் பெற்ற 18 மரபணுக்களை லட்சக்கணக்கான பேரின் தரவில் சோதித்தார்கள். குருட்டாம்போக்கில் எடுத்த மரபணுக்களைவிட அவை எந்த விதத்திலும் உசத்தியாக இல்லை. எத்தனை பேருடைய உழைப்பு அது. ஆனாலும் ஒன்று தெளிவானது, மனச்சோர்வுக்கென்று ஒற்றை மரபணு கிடையாது.

அப்புறம் என்னதான் இருக்கிறது? 2025 ஜனவரியில் உலக அளவில் ஒரு பெரிய கூட்டு ஆய்வு வெளியானது. 29 நாடுகளிலிருந்து மனச்சோர்வு உள்ள சுமார் 6,88,000 பேர், இல்லாத 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அதில் கிட்டத்தட்ட 700 மரபணு மாறுபாடுகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் தனியாக எடுத்தால் தூசி. நம் எல்லோரிடமும் அதில் சில நூறு இருக்கும், சிலரிடம் கொஞ்சம் கூடுதல். அத்தனையையும் கூட்டிப் போட்டு ஒரு மதிப்பெண் தயாரித்தாலும், ஐரோப்பிய வம்சாவளி மக்களிடையே மனச்சோர்வு வரும் தன்மையில் இருக்கிற வித்தியாசத்தில் சுமார் 6 சதவீதத்தைத்தான் அது விளக்குகிறது. மற்ற வம்சாவளியினரிடம் அதைவிடக் குறைவு. ஆய்வில் இருந்தவர்களில் நாலில் மூன்று பேர் ஐரோப்பிய வம்சாவளி. அவர்களை வைத்துத் தைத்த சட்டை நமக்குச் சரியாகப் பொருந்தாது.

இதெல்லாம் தெரிவதற்கு முன்பே நான் ஒரு காரியம் செய்திருந்தேன். கூட வேலை பார்ப்பவர் ஒருவர் சொல்லி, வீட்டுக்கே அனுப்பி வைக்கும் மரபணுப் பரிசோதனை ஒன்றை வாங்கி, எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து வந்த அறிக்கையில் நாற்பது, ஐம்பது வியாதிகளுக்கு நடுவே மனச்சோர்வுக்கு ஒரு கடிகார முள், ஆரஞ்சு நிறத்தைக் காட்டிக்கொண்டு. அன்றைக்கு ராத்திரி ஒன்று நடந்தது, அதைக் கவனித்துப் பார்த்ததால் சொல்கிறேன். அந்த முள்ளைப் பார்த்த பிறகு, கடந்த இரண்டு வாரத்தில் நான் எரிந்து விழுந்தது, சாப்பாடு பிடிக்காமல் போனது, தூக்கம் கெட்டது என்று ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. திரும்ப ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் அந்த இரண்டு வாரம் நன்றாகத்தான் போயிருந்தது. தீபாவளிக்கு நாங்கள் ஊருக்குப் போய் வந்த இரண்டு வாரம் அது.

மேத்யூ லெபோவிட்ஸ், வூ-கியோங் ஆன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதையே ஆய்வாகச் செய்திருக்கிறார்கள் என்று பிறகுதான் படித்தேன். ஆய்வுக்கு வந்தவர்களில் ஒரு பிரிவினரிடம், உங்களுக்கு மனச்சோர்வுக்கான மரபணுப் போக்கு இருக்கிறது என்று சொன்னார்கள். உண்மையில் அப்படி எந்த மரபணுவையும் சோதிக்கவில்லை. ஆனாலும் அப்படிச் சொல்லப்பட்டவர்கள் முந்தைய இரண்டு வாரத்தில் தங்களுக்கு அறிகுறிகள் அதிகமாக இருந்ததாக ஞாபகப்படுத்திச் சொன்னார்கள். வந்தால் சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் அவர்களுக்குக் குறைந்தது. தலையெழுத்து என்று நாம் சொல்வதன் புதிய பெயராக மரபணு ஆகிவிடக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். அந்த அறிக்கையை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். டாக்டர் வரைந்த தாளை மட்டும் வெளியே வைத்திருக்கிறேன். ஐந்து கறுப்பு உள்ள அந்த ஒற்றைத் தாள்தான் என் மருந்தை மாற்றியது.

இப்போது என் பிள்ளைகளுக்காக நான் பிடித்துக்கொண்டிருக்கிற மூன்று ஆய்வுகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பரம்பரை என்று கேட்டதும் கையைத் தூக்கிவிடுகிறவர்களுக்கு இவை தெரிய வேண்டும்.

ஸ்வீடனில் கெண்ட்லர் குழு 2020ல் வெளியிட்டது ஒன்று. மனச்சோர்வு முதலான பிரச்சினைகள் உள்ள பெற்றோருக்குப் பிறந்த உடன்பிறப்புகளில், ஒரு பிள்ளை அந்த வீட்டிலேயே வளர்ந்தது, இன்னொன்று தத்துப் போனது. அங்கே தத்துக் கொடுக்கும் வீட்டை நன்றாக விசாரித்துத்தான் கொடுப்பார்கள். அப்பா அம்மா ஒன்று, பரம்பரை ஒன்று. தத்துப் போன பிள்ளைக்கு மனச்சோர்வு வரும் ஆபத்து 23 சதவீதம் குறைவாக இருந்தது. தத்தெடுத்த வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு வந்தாலோ, விவாகரத்தோ சாவோ அந்த வீட்டைக் குலைத்தாலோ அந்தப் பாதுகாப்பு காணாமல் போனது. விதை அதேதான், தண்ணீர் மாறியது.

இரண்டாவது அமெரிக்காவின் பாஸ்டனில், கர்மெல் சோய் குழு கிட்டத்தட்ட 8,000 பேரின் மருத்துவப் பதிவையும் மரபணுவையும் வைத்துப் பார்த்தது. மரபணு ஆபத்து அதிகம் உள்ளவர்களிலும் உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு அடுத்த இரண்டு வருஷத்தில் மனச்சோர்வு வருவது குறைவாக இருந்தது. நடந்தால் வரவே வராது என்று அர்த்தம் இல்லை. எனக்கு வந்த போது நடக்கச் சொன்னவர்கள் மேல் எவ்வளவு கோபம் வந்தது என்று எனக்குத் தெரியும். எழுந்து நிற்கவே முடியாதவரிடம் நடக்கச் சொல்வது தப்பு, அவருக்கு முதலில் தேவை மருத்துவர். நன்றாக இருக்கிற நாட்களில் நடப்பது வேறு விஷயம். நானும் மகளும் சாயங்காலம் 40 நிமிஷம் நடக்கிறோம்.

மூன்றாவதைப் படித்தபோதுதான் நான் அழுதேன். மிர்னா வெய்ஸ்மன் மனச்சோர்வு உள்ள குடும்பங்களை 1982லிருந்து தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வருகிறவர். அவருடைய குழு 2006ல் ஒன்றைச் சொன்னது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்த 151 அம்மாக்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் பார்த்தார்கள். பிள்ளைகள் 7 வயதிலிருந்து 17 வயது வரை. மூன்று மாதத்தில் அம்மா முழுசாகத் தேறிவிட்ட வீடுகளில், ஏற்கனவே மனநலப் பிரச்சினை இருந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு பேர் தேறிவிட்டார்கள். அம்மா தேறாத வீடுகளில் 12 சதவீதம்தான். பிள்ளைகளுக்கு அந்த ஆய்வில் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. அம்மாவுக்குக் கொடுத்தார்கள்.

எனக்கு நானே செலவு பண்ணுவது என்றால் எப்போதும் கை இழுக்கும். மாதா மாதம் டாக்டர், மாத்திரை, பஸ் செலவு, இதெல்லாம் பிள்ளைகளின் டியூஷன் பணம் என்று தோன்றும். இதைப் படித்ததற்குப் பிறகு ஒரு மாதம்கூட நான் தவறவிட்டதில்லை. என் மாத்திரை டப்பாவில் இருப்பது என் மகளுக்கும் சேர்த்துத்தான்.

மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது அந்தத் தாளைக் காட்டிச் சொன்னேன். வயதுக்கு வந்த பிறகு, பிள்ளை பெற்ற பிறகு, பெரிய இழப்பு எதுவும் வந்த பிறகு, இரண்டு வாரத்துக்கு மேல் மனசு எழும்பவே இல்லை என்றால் சொல்ல வேண்டும், அதே மாதிரி தூக்கமே வேண்டாம் என்கிற அளவுக்கு உற்சாகமாக இருந்தாலும் சொல்ல வேண்டும், என்னிடம் சொல்ல முடியாவிட்டால் அத்தைப் பாட்டியிடம், அதுவும் முடியாவிட்டால் 14416க்குக் கூப்பிட வேண்டும் என்றேன். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிற, டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பாயியோட அம்மா யாரும்மா? அவங்களுக்கு இருந்துச்சா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அத்தைக்குப் போன் போட்டோம். அத்தைக்கும் தெரியவில்லை. அந்த வட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறோம்.

பயப்படுகிறவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. வரன் பார்க்கும் இடத்தில் இந்த மாதிரி ஒரு தாள் என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்ஷூரன்ஸ் விஷயத்தில் நிலைமை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2017ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. மரபணுக் கோளாறு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக் காப்பீட்டை மறுப்பது சட்டத்துக்கு விரோதம் என்று 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்யாணத் தரகருக்கு எந்தச் சட்டமும் பொருந்தாது.

என் அண்ணனின் கஷ்டம் அதுதான். அவனுக்கு ஒரு பெண், ஒரு பையன். பெண்ணுக்கு 23, ஜாதகம் எடுத்திருக்கிறார்கள். பையன் வெளியூரில் படிக்கிறான். இரண்டு பேருக்கும் அப்பாயியைப் பற்றியோ சித்தப்பாவைப் பற்றியோ ஒரு வார்த்தையும் தெரியாது. எனக்கு வந்தது "டெலிவரிக்கப்புறம் ரத்தம் கம்மியா இருந்துச்சு" என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. மூன்று தடவை அண்ணனிடம் பேசிப் பார்த்துவிட்டேன். "கல்யாணம் முடியட்டும், பார்த்துக்கலாம்" என்கிறான். அப்புறம் என்ன வரும் என்றால், பிரசவம். அவள் டாக்டர் முன்னால் உட்காருவாள். டாக்டர் கேட்பார். அவள் "இல்லை" என்பாள், நான் சொன்ன அதே மாதிரி, சுத்தமான மனசோடு.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. அவளிடம் சொல்லச் சொல்கிறேன். அது அவளுடைய உடம்பு, யாரிடம் எப்போது சொல்வது என்று அவள் முடிவு செய்யட்டும். போன தடவை இதைச் சொன்னபோது அண்ணன் கோபப்படவில்லை. ரொம்ப நேரம் போனில் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்தக் கீரை எனக்கும் ஞாபகம் இருக்கு" என்றான். "அம்மா மாட்டுக்கு வச்சதும், மாடு மோந்து பார்த்துட்டுத் திங்காம விட்டதும். அப்பாயி பக்கத்துல போய் உட்கார்ந்தேன், என்னைப் பார்க்கவே இல்லை." அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. 34 வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான்.

பொங்கலுக்கு அண்ணன் குடும்பத்தோடு வருகிறான். டாக்டர் வரைந்த தாள் மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டதால் மகள் அதைப் பெரிய சார்ட்டில் அளவெடுத்துத் திரும்ப வரைந்திருக்கிறாள், பின்னால் அத்தையின் கையெழுத்தில் பெயர்கள். அண்ணன் பெயருக்குக் கீழே ஒரு வட்டமும் ஒரு கட்டமும் வெறும் பென்சிலில் இருக்கின்றன. பெயர் எழுதவில்லை.